கொலோம்பா முணுமுணுக்காத நான்கு நாட்கள்

கொலோம்பா கில்லியோனேக்கு வாய் அதிகம் என்று ஜெனோவாவில் எங்கள் மேட்டுத்தெரு முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாய் ஒன்றும் அவளுக்கு இனாமாக வந்ததில்லை. கைக்கு வரவேண்டிய காசை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அதற்குப் பதிலாக வாங்கி வைத்துக்கொண்ட வாய் அது.

1949 மார்ச்சில், இருபத்து மூன்று வயதில், பிஸ்கோத்துக் கோட்டைக்கு வேலை கேட்டுப் போனாள். டாப்பெலோ கோட்டை என்றுதான் வாசலில் எழுதியிருக்கும். ஆனால் கப்பல்களுக்குக் காய்ந்த பிஸ்கோத்து விற்றுப் பணக்காரர் ஆன டாப்பெலோ முதலாளி, தான் குடியிருக்கக் கட்டிக்கொண்ட வீடு அது. ஊர் வாயில் வேறு எந்தப் பெயர் நிற்கும்? துறைமுகத்துக்கு வந்த மாலுமிகள் ஆளுக்கொரு ஊர்க்கதை சொல்ல, மனுஷன் எல்லாவற்றிலும் ஒன்று வேண்டும் என்றிருக்கிறார். ஃபுளோரன்ஸ் பாணியில் பெரிய கோபுரம். அதன் தோளில் ஒரு குட்டிக் கோபுரம். தேவாலயத்துக் கூர்மாடச் சன்னல்கள், அரபு நாட்டு நீல ஓடு பதித்து, சுருட்டுப் பிடிக்க ஓர் அறை, சுவிஸ் மரவீடு மாதிரி புறாக்கூண்டு, அகழியே இல்லாத இடத்தில் ஒரு தூக்குப்பாலம். இத்தனையும் ஒரே மலைச்சரிவில், ஒரே குடும்பத்துக்கு. வெளியூர்க்காரன் பார்த்தால் தலை சுற்றும். எங்களுக்குப் பழகிவிட்டது.

முதலாளிக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. மேசைக்குப் பின்னாலிருந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

“எந்தச் சம்பளம் வேணும், கூடுதலா, குறைச்சலா?”

அது எங்கள் பக்கத்துக் கப்பல்காரர்களின் பழைய வழக்கம். மாலுமியை வேலைக்கு எடுக்கும்போது இரண்டு கூலி சொல்வார்கள். ஒன்று கூடுதல், வாயைத் திறக்கக் கூடாது. இன்னொன்று குறைவு, ஆனால் முணுமுணுக்கும் உரிமை உண்டு. ரொட்டியில் புழு, கயிறு இற்றுப்போச்சு, கேப்டன் ஒரு கழுதை என்று பொழுது முழுக்கப் புலம்பலாம், ஒருவரும் தட்டிக் கேட்க முடியாது. கப்பல்காரர்களோடு பழகிப் பழகி முதலாளி அதைத் தன் வீட்டு வேலைக்காரர்களுக்கும் வைத்துவிட்டார்.

“குறைச்சல்தான் ஐயா. எனக்கு வாய் வேணும்” என்றாள் கொலோம்பா.

முதலாளி சிரித்தார். “உங்கப்பன் இதே இடத்துல நின்னு கூடுதலைத்தான் கேட்டான், தெரியுமா?”

தெரியும். முந்தின நாள் அப்பா தொமாசோ அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “குறைச்சலையே எடு. வாயை மட்டும் வித்துடாத” என்று சொல்லியிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள், வீட்டில் விளக்குக்கு எண்ணெய் வாங்கவே வழியில்லை, இந்த மனுஷனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்று. அப்பா பதில் பேசவில்லை. அவர் எப்போதுமே அதிகம் பேசாதவர்தான். ஏன் அப்படிச் சொன்னார் என்று கொலோம்பாவுக்கும் புரியவில்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டாள்.

தொமாசோ சுவர் ஓவியர். எங்கள் ஊரில் சன்னல் வைக்கக் காசில்லாத இடத்தில் சன்னலை வரைந்துவிடுவோம். கதவு, கம்பி, திரைச்சீலை, சன்னல் விளிம்பில் தூங்குகிற பூனை எல்லாம் சாயம்தான். பிஸ்கோத்துக் கோட்டையின் முகப்பில் மொத்தம் நாற்பத்தோரு சன்னல்; அதில் பத்தொன்பது தொமாசோ வரைந்தவை. ஒரு தடவை திருடன் ஒருவன் மழைநீர்க் குழாயைப் பிடித்து ஏறி, பாதி திறந்து கிடந்த சன்னலுக்குள் தாவினான். மண்டை உடைந்து புதரில் விழுந்தவனை, கட்டுப்போட்ட பிறகுதான் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அந்தச் சன்னலும் தொமாசோ வரைந்ததுதான்.

ஆனால் எல்லாவற்றிலும் பேர் வாங்கியது குட்டிக் கோபுரத்தின் விரிசல். 1911இல், கோட்டை கட்டி ஏழெட்டு வருஷம்கூட ஆகாதபோது, இது அறுநூறு வருஷப் பழசாகத் தெரியவேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்ததாம். தொமாசோவைக் கூப்பிட்டு, சுவரில் ஒரு விரிசல் வரையச் சொன்னார். மொட்டைமாடித் தளத்திலிருந்து கோபுர உச்சியில் பல் பல்லாக நிற்கும் கைப்பிடிச்சுவர் வரை, இரண்டு ஆள் உயரத்துக்கு, வளைந்து வளைந்து போகிற விரிசல். உள்ளே இருட்டு தெரியும். ஓரத்தில் ஒரு புல் முளைத்திருக்கும். விருந்துக்கு வருகிறவர்கள் கிட்டப் போய்த் தடவிப் பார்த்து, கையில் வழவழவென்று சுவர் பட்டதும் ஆளாளுக்குக் கூவுவார்கள்.

கொலோம்பா அங்கே வேலைக்கு வந்த நாள் முதல் அந்த விரிசலைக் காட்டுவது அவள் பொறுப்பாகிவிட்டது. “தொட்டுப் பாருங்க. சும்மா தொடுங்க. எங்கப்பா கைவேலை” என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் புலம்பல் இருக்காது. அப்பா 1952இல் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறமும் அந்த ஒன்றைத்தான் அவள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவாள்.

மற்ற நேரமெல்லாம் புலம்பல்தான். ஐம்பது படியைத் துடைத்தாலும் புலம்பல், துடைக்காவிட்டாலும் புலம்பல். முதலாளி செத்தபிறகு கோட்டைக்கு மிச்சம் இருந்தது ஒரே மகள், ஒட்டாவியா. கல்யாணம் ஆகாத பெரியவீட்டுப் பெண்ணை நாங்கள் சின்யோரினா என்று கூப்பிடுவோம். எண்பது வயதானாலும் சின்யோரினாதான். அவளுக்குக் கொலோம்பாவின் வாய் பழகிப்போய், பதிலுக்கு வாயாடவும் பழகிவிட்டாள்.

“காப்பியா இது? துறைமுகத்துத் தண்ணியை மொண்டு சுட வச்சியா?”

“நேத்து போட்ட தூளையே இன்னொரு தரம் கொதிக்க வைக்கச் சொன்னது யாரு? நானா?”

“தூளு என்ன விலை விக்குது தெரியுமா?”

“தெரியும், தெரியும். பிஸ்கோத்து வித்த காசெல்லாம் எங்க பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்குன்னுதான் தெரியல.”

கொலோம்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. மலையேறும் பொது லிப்ட்டில் வேலை பார்த்த ஜெரோலமோவைக் கட்டிக்கொண்டாள். கோட்டை வாசலில் இருந்த காவல்வீட்டைக் குடியிருக்கக் கொடுத்தார்கள், பிள்ளை இல்லை, அதற்காக ஒரு பத்து வருஷம் அழுதாள், அப்புறம் நிறுத்திக்கொண்டாள். சாயந்திரம் இரண்டு பெண்களும் சமையலறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பீன்ஸ் உரிப்பார்கள். யார் எசமானி, யார் வேலைக்காரி என்று கேட்டால் சமயத்தில் அவர்களுக்கே சந்தேகம் வரும். வெளியே சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் கொலோம்பாவுக்கு அந்தக் கிழவி மேல் உயிர்.

1983 அக்டோபர் இருபதாம் தேதி, காலை பத்து மணி. மொட்டைமாடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள் கொலோம்பா. அப்பா வரைந்த விரிசலின் மேல்பாதியில் ஒரு பல்லி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் போர்வையை உதறினாள். பல்லி மிரண்டு, தலையை விரிசலுக்குள் நுழைத்தது. அப்புறம் உடம்பு. அப்புறம் வாலும் போய்விட்டது.

போர்வை கையிலிருந்து நழுவியது.

சாயத்துக்குள் பல்லி எப்படிப் போகும்?

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். கிட்டப் போய் விரிசலைத் தடவினாள். வழவழவென்றுதான் இருந்தது, முப்பது வருஷமாக இருக்கிற மாதிரியே. ஆனால் கை எட்டுவது கீழ்ப்பாதி மட்டும்தான். எல்லோரும் தொட்டது அந்தக் கீழ்ப்பாதியைத்தான். மேல்பாதியைத் தொடவேண்டுமானால் பக்கத்தில் கொடிமரத்துக்குப் போகிற குறுகல் படியில் இருபத்திரண்டு படி ஏறவேண்டும். போர் முடிந்து ராஜா நாட்டை விட்டுப் போனதிலிருந்து கொடியும் ஏற்றுவதில்லை, அந்தப் படியில் யாரும் ஏறுவதும் இல்லை.

கொலோம்பா துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவிக்கொண்டு ஏறினாள். கையை நீட்டி, விரிசலில் குச்சியை வைத்தாள். உள்ளே போனது. இன்னும் தள்ளினாள். இன்னும் போனது. நுனி மட்டும்தான் விரலில் மிஞ்சியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் குட்டிக் கோபுரத்துக்கு நேர் கீழே இருப்பது மேற்கு அறை. சின்யோரினா தினமும் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவது அங்கேதான். சூடுபண்ணக் காசு செலவழிக்காமல் வெயில் இலவசமாக வந்து விழுகிற ஒரே அறை அது.

மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சொன்னாள். சின்யோரினா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“விரிசலா? அது உங்கப்பன் வரைஞ்சதுன்னு நீதானே ஊருக்கெல்லாம் காட்டின?”

“கீழ இருக்கிறது வரைஞ்சது. மேல இருக்கிறது நெசம்! துடைப்பக்குச்சி முழுசா உள்ள போகுது!”

“போன மாசம் கூரை ஒழுகுதுன்ன. அதுக்கு முன்னாடி புறாக்கூண்டு சாயுதுன்ன. அதுக்கு முன்னாடி தூக்குப்பாலம் உளுத்துப்போச்சுன்ன.”

“அதெல்லாமும் நெசந்தானே!”

“எது விழுந்துது? ஒண்ணாவது விழுந்துதா? என்னை அந்த வடக்கு அறைக்குத் தள்ளிட்டு, அடுப்புக்கு எண்ணெய் வாங்க வைக்கலாம்னு பாக்கிற. போய் வேலையைப் பாருடி.”

கட்டடத்தைச் சோதிக்கிற சர்வேயர், வீட்டுக்கு உரியவர் அழைத்தால்தான் வருவார்; கோட்டை சின்யோரினாவுடையது. கொலோம்பா கூப்பிட்டால் வரமாட்டார். வீட்டுக்குப் போய் ஜெரோலமோவிடம் சொன்னாள். அவன் கடலைமாவு ரொட்டியை மென்றுகொண்டே கேட்டான்.

“அடியே, நீ கல்யாணத்தன்னைக்குத் தேவாலயத்துல என்ன சொன்ன? இந்தக் கூரை தலையில விழப்போகுதுன்னு சொன்ன. சாமியார் மேல பாத்துக்கிட்டே மந்திரம் ஓதினாரு.”

“இது வேறய்யா!”

“எல்லாமே உனக்கு வேறதான்.”

மூன்று நாள் மாறி மாறிக் கத்திப் பார்த்தாள். கெஞ்சினாள், திட்டினாள், சூப்புக் கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள். கத்தக் கத்த அவர்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முட்டி போட்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. முப்பத்து நாலு வருஷமாக எல்லாவற்றுக்கும் ஒரே சுருதியில் புலம்பியிருக்கிறோம். இப்போது ஒரு உயிர் போகிற விஷயத்தைச் சொன்னாலும் அதே சுருதியில்தான் காதில் விழுகிறது. தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

திங்கட்கிழமை காலை, கைகழுவி, ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சின்யோரினாவின் முன்னால் போய் நின்றாள்.

“சம்பளத்தை மாத்தணும். எனக்குக் கூடுதல் சம்பளம் வேணும்.”

சின்யோரினா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். “அப்போ?”

“முணுமுணுக்கிற உரிமையைத் திருப்பிக் கொடுத்துடறேன்.”

“நீயா! வாயை மூடிக்கிட்டா? மதியம்வரைக்கும்கூடத் தாங்கமாட்டே!” கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வேடிக்கை பார்க்கிற ஆசையில், செலவையும் மறந்து, தாள் எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று காப்பி கொடுத்தபோது சின்யோரினா வழக்கம்போல, “தண்ணி மாதிரி இருக்கு” என்றாள்.

“சரி, சின்யோரினா.”

“ஐம்பது படியையும் இன்னொரு தரம் துடை.”

“சரி, சின்யோரினா.”

செவ்வாய்க்கிழமை கிழவி சும்மா சீண்டிப் பார்த்தாள். நேற்று மடித்த துணியையெல்லாம் பிரித்துத் திரும்ப மடிக்கச் சொன்னாள். கொலோம்பா மடித்தாள். புதன்கிழமை, “உன் புருஷன் சரியான மடையன்” என்றாள். “சரி, சின்யோரினா” என்றாள் கொலோம்பா. பீன்ஸ் உரிக்கும்போது பீன்ஸ் உரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெரிய வீட்டின் நாலாபக்கமும் அமைதி உட்கார்ந்திருந்தது.

வாயை அடக்குவது அவளுக்குச் சுலபமா என்ன? இரண்டு மணி அடித்தால் கிழவி மேற்கு அறைக்குப் போவாள். நாலு மணி வரை கொலோம்பா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு, மேலே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குப் போனதும் பகல் முழுக்கச் சேர்த்துவைத்ததையெல்லாம் ஜெரோலமோ தலையில் கொட்டுவாள்.

“அங்க கூடுதல் சம்பளம் வாங்கிக்கிட்டு, இங்க வந்து ஓசியில கொட்டுறியே! எனக்கு என்ன தருவ?” என்று அவன் கேட்டான். ஆனால் மூன்றாம் நாள் அவன் முகத்திலும் சிரிப்பு இல்லை. “அந்தக் குச்சி நெசமாவே முழுசா போச்சா?” என்று மெதுவாகக் கேட்டான்.

வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு மேற்கு அறைக் கதவு திறந்தது. சின்யோரினா இரவு உடுப்போடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“நாலு நாளாச்சு, கண்ணை மூட முடியல. நீ வெளிய வேலை செஞ்சுக்கிட்டு மொணமொணன்னு திட்டுறது கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். என்னடி ஆச்சு உனக்கு? சொல்லித் தொலை!”

“அது என் சம்பளத்துல இல்ல, சின்யோரினா.”

“நான் கட்டளை போடறேன்.”

“வேலைக்குத்தான் கட்டளை. வாய்க்கு இல்ல. உங்கப்பா போட்ட வழக்கம்.”

கிழவி கதவைப் பிடித்துக்கொண்டாள். “எனக்குப் பயமா இருக்கு, கொலோம்பா.”

கொலோம்பாவுக்கு அடக்கிவைத்ததெல்லாம் கண்ணில் வந்துவிட்டது. ஏப்ரன் பையிலிருந்து அந்தத் துடைப்பக்குச்சியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். இன்னொரு செருப்பையும் தேடி எடுத்து, குனிந்து மாட்டிவிட்டாள். தோளைப் பிடித்து மொட்டைமாடிக்கு அழைத்துக்கொண்டு போய், கொடிமரத்துப் படியில் ஒரு கை இடுப்பிலும் ஒரு கை கம்பியிலுமாக, எண்பத்தொரு வயதுக் கிழவியை இருபத்திரண்டு படி ஏற்றினாள். ஏழாவது படியில் ஒரு தரமும் பதினாறாவதில் ஒரு தரமும் நின்றார்கள்.

சின்யோரினா குச்சியை விரிசலில் வைத்தாள். தள்ளினாள். குச்சி அவள் விரலை விட்டே நழுவி உள்ளே விழுந்தது. எங்கேயோ கீழே, சுவருக்குள்ளே, அது தட்டுப்படுகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

“ஐயோ, மாதாவே” என்றாள் சின்யோரினா.

அன்று சாயந்திரத்துக்குள் ஜெரோலமோவையும் கூப்பிட்டுக் கட்டிலை வடக்கு அறைக்கு மாற்றினார்கள். சர்வேயர் இவால்திக்கு ஆள் போனது. திங்கட்கிழமைதான் வரமுடியும் என்றார். வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. சனிக்கிழமையும் விடவில்லை. கோபுர மூலையில் மழைநீர் வடியக் கல்லில் செதுக்கியிருந்த நாகம் வாயிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தது. வடக்கு அறை குளிரில் சின்யோரினாவுக்குப் பல் கிட்டியது.

“ரெண்டு நாளாச்சு, என்ன விழுந்துது?” என்று சனிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தாள். “அந்த அறையில சோபா இருக்கே. ஒரே ஒரு மணி நேரம் படுத்துட்டு வந்தா என்ன?”

“கால வச்சுப் பாருங்க, நான் இங்க இருக்கமாட்டேன்” என்றாள் கொலோம்பா. அது முணுமுணுப்பு இல்லை, அதனால் சம்பளத்தில் குறை வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேற்கு அறையைப் பூட்டவேண்டும் என்று நினைத்தாள். சாவி எங்கே வைத்தோம் என்று தேடுவதற்குள் அடுப்பில் சூப்பு பொங்கியது.

மூன்று மணிக்குக் கால்மணி நேரம் இருந்தது. சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு முதலில் சத்தம் கேட்கவில்லை. தட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தாமாக அதிர்ந்தன. அதற்கு அப்புறம்தான் அந்தச் சத்தம். மலையே இறங்குகிற மாதிரி, நிற்காமல், உருண்டு உருண்டு.

ஓடினாள். படியில் முட்டி இடித்ததுகூடத் தெரியவில்லை. மேற்கு அறைக் கதவைத் திறந்தால் வெள்ளைப் புழுதி முகத்தில் அடித்தது. கூரை இல்லை. மழை நேராக உள்ளே பெய்துகொண்டிருந்தது. கட்டில் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குக் கல் குவிந்துகிடந்தது. சோபாவைக் காணோம், கல்லுக்கு அடியில் அதன் ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

“சின்யோரினா!”

“ஒட்டாவியா!” முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெறுங்கையால் கல்லைப் புரட்ட ஆரம்பித்தாள். நகம் பெயர்ந்தது. “ஒட்டாவியா! அடியே கிழவி! பேசித் தொலையேன்!”

பின்னாலிருந்து, வடக்கு நடைப் பக்கமிருந்து, எரிச்சலான ஒரு குரல் வந்தது.

“யாரைடி கிழவிங்கற? இத்தனை நாள் கழிச்சு இப்பத்தான் கண் அசந்தேன். என்ன சத்தம் அது?”

போர்வையைச் சுற்றிக்கொண்டு, தலைமயிர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, கதவில் நின்றாள் சின்யோரினா டாப்பெலோ. உயிரோடு, முழுசாக.

கொலோம்பா கல்குவியல் மேல் அப்படியே உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மழை இரண்டு பேர் மேலும் பெய்தது. கிழவி தத்தித் தத்தி வந்து, சோபாவின் காலைப் பார்த்தாள். அப்புறம் தன் போர்வையில் பாதியை எடுத்துக் கொலோம்பாவின் தோளில் போட்டாள். அப்பாடா, அப்பாடா என்று கொலோம்பா எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கில்லை.

திங்கட்கிழமை இவால்தி வந்தார். விழுந்ததுபோக நின்ற சுவரை ஏணி போட்டுப் பார்த்தார். விழுந்த கல்லையெல்லாம் புரட்டிப் பார்த்தார். சமையலறையில் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டே சொன்னார்.

“கீழ்ப்பாதி வரைஞ்சதுதாம்மா. அடியில சுவர் இரும்பு மாதிரி இருக்கு. மேல்பாதி கட்டினப்பவே விட்டுப்போச்சு. பழைய விரிசல். வாய்ல சுண்ணாம்பு பூசி, அது மேலயே சாயம் தடவியிருக்காங்க. அந்தப் பூச்சு இப்பத்தான் உதிர்ந்திருக்கு. சாயம் போட்டவருக்கு அது தெரியாம இருக்க வாய்ப்பே இல்ல.”

“அப்படின்னா?” என்றாள் கொலோம்பா.

“வீடு புதுசு, விரிசல் விட்டுப்போச்சு, பிரிச்சுக் கட்டினா பெருஞ்செலவு. கீழயும் ஒண்ணு வரைஞ்சு சேத்துட்டா, மொத்தமும் ஓவியம்னு ஆயிடும் பாருங்க. கெட்டிக்கார ஆளுதான் கேட்டிருக்காரு.”

சின்யோரினா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குத் தன் அப்பாவைத் தெரியும்.

கொலோம்பாவின் நினைப்பு வேறெங்கேயோ போயிருந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது. வசந்தத்தில் அப்பா சாயத்தைப் புதுப்பிக்க வருவார். இவள் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவருவாள். கோபுரத்து நிழலில் துணி விரித்து வைப்பாள். அப்பா ஒவ்வொரு தடவையும் தூக்கையும் அவளையும் தூக்கிக்கொண்டு, புறாக்கூண்டுப் பக்கம், சுள்ளென்ற வெயிலில் போய் உட்காருவார். “அங்க காத்தடிக்குது. எனக்குக் கழுத்து வலிக்கும்” என்பார். ஒரு நாள்கூட அங்கே காற்று இருந்ததில்லை.

கூடுதல் சம்பளம் வாங்கினவர். கல்யாணத்துக்குக் காசு வேண்டியிருந்தது, வாயை விற்றுவிட்டார். கையெழுத்துப் போட்டதற்காகக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத்தெரியாத மனுஷன் மகளிடம் சொன்னது அந்த ஒன்றுதான்: குறைச்சலையே எடு.

இவால்தி போனபிறகு சின்யோரினா மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள்.

“கூடுதல் சம்பளம் அப்படியே இருக்கட்டும். வாயையும் திருப்பி எடுத்துக்க.”

“ரெண்டுமா?” கொலோம்பா சந்தேகத்தோடு பார்த்தாள். டாப்பெலோ குடும்பத்தில் இப்படி யாரும் சொன்னதில்லை. “உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

“சீக்கிரம் ஆரம்பி. நான் தூங்கணும்.”

“இதை முப்பது வருஷம் முன்னாடியே சொல்றதுக்கு என்ன கேடு? என் முட்டி ரெண்டும் தேஞ்சு...” என்று கொலோம்பா தொடங்கினாள். சின்யோரினா வடக்கு அறைக்குப் போய், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்தில் குறட்டை விட்டாள்.

புதன்கிழமை கல்லறைத் திருநாள். கொலோம்பாவும் ஜெரோலமோவும் செவ்வந்திக் கட்டோடு மலைமேல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அப்பாவின் கல்லைத் துடைத்துவிட்டு, அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்ப்பா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கக்கூடாதா? எட்டு வயசுப் பிள்ளை, நான் யார்கிட்டப் போய்ச் சொல்லப்போறேன்? காத்தடிக்குதாம், கழுத்து வலியாம்! அந்தக் கிழவி செத்திருந்தா நான் என்னப்பா பண்ணுவேன்? ஊருக்கெல்லாம் தொடு தொடுன்னு காட்டினேனே, பாவி மனுஷா, என்னை வந்து இழுத்துட்டுப் போயிருக்கக்கூடாதா?”

பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. அம்மா கத்தின விளக்கு எண்ணெயில் ஆரம்பித்து, பத்தொன்பது சன்னல், படியில் இடித்த முட்டி, பெயர்ந்த நகம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. கடைசியில் தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூவைச் சரியாக வைத்தாள்.

“சரி, விடுங்க. உங்க பங்கையும் சேத்து நான் பேசியாச்சு” என்றாள்.

“முடிஞ்சுதா? மழை வரும்போல இருக்கு” என்றான் ஜெரோலமோ.

“எங்க முடிஞ்சுது? இப்பத்தானே ஆரம்பிச்சேன்” என்று சொல்லிவிட்டு அவள் கல்லின் ஓரத்தில், நிழலில், வசதியாக உட்கார்ந்தாள்.